நாத்தக்கொட்டு முத்துக்கனி

முத்தையாபுரத்தில் முத்துக்கனி மினிபஸ் ஏறினால் அவள் பக்கத்து இருக்கை காலியாகிவிடும். இறால் உரிக்கிற கம்பெனியில் காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கைவைத்து நிற்கிற பெண் அவள். எந்தச் சோப்பைப் போட்டாலும் அந்த வாடை போகாது. விரல் இடுக்கில், தலைமுடியில், தாலிக்கயிற்றில் ஊறிப்போய்க் கிடக்கும். மூக்கைச் சுளிக்கிறவர்களை அவள் சும்மா விடுவதுமில்லை.

“யக்கா, கொழம்புல கெடக்கும்போது மட்டும் மணக்குமோ? உரிச்சவ மேல அடிச்சா நாறுதோ?”

பஸ் சிரிக்கும். மூக்கைச் சுளித்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கடற்கரைத் திருப்பம் வந்ததும் நடத்துநர், “நாதர்கோட்டம்லாம் எறங்கு!” என்று கத்துவான்.

“அது எந்த ஊருலே? நான் நாத்தக்கொட்டுக்குல்லா டிக்கெட் எடுத்தேன்.”

“எறங்குங்க யக்கா. தெனமும் ஒங்களோட இதே ரோதனை.”

பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்த்தாலே கடலோரத்தில் அந்தக் கல்மண்டபம் தெரியும். கடலைப் பார்த்த வரிசைத் தூண்கள், பாவிய கல்தரை, தரை முழுக்கக் கோடு கோடாக ஓடும் வடிகால், நடுவில் ஒரே கல்லில் குடைந்த நீளமான தொட்டி. கலியாண ஜோடிகள் வந்து படம் பிடித்துப் போவார்கள். ஒரு சினிமாப் பாட்டில் வந்த பிறகு சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காலண்டரில் வந்தது, ஊறுகாய்ப் புட்டியிலும் வந்தது. அதைத் தெரியாதவர்கள் தூத்துக்குடிப் பக்கம் கிடையாது. அதை யார் கட்டினார்கள் என்பதுதான் சண்டை.

தாணுலிங்கம் கட்டடக் காண்டிராக்டர். நெற்றி நிறையத் திருநீறு. அவர் கட்சிப்படி, நாதர் என்றால் சிவன், கோட்டம் என்றால் கோயில், தொட்டி அபிஷேகத் தீர்த்தம். பாண்டியன் கட்டியது. பெனிஸ்டன் ஐஸ் பிளாண்ட் முதலாளி. நாதர் என்றால் இயேசுநாதர், தொட்டி ஞானஸ்நானத் தொட்டி என்பது அவர் கட்சி. காயல்பட்டினத்து நூகு லெப்பை வளைகுடாவில் சம்பாதித்து வந்து கப்பல் ஏஜென்சி நடத்துகிறவர். நாதர் என்பது ஓர் இறைநேசரின் பெயர் என்றும், தொட்டி தொழுகைக்கு முன் கைகால் கழுவ அரபு வணிகர்கள் வெட்டியது என்றும் அவர் சொன்னார். மூவருக்கும் ஆளுக்கொரு குழு, ஆளுக்கொரு துண்டுப்பிரசுரம், வழக்குப் போட ஆளுக்கொரு வக்கீல். மூன்று துண்டுப்பிரசுரங்களையும் சிவகாசியில் ஒரே அச்சகத்தில் அடித்தார்கள். படமும் ஒரே படம்தான்.

தொட்டி என்று ஒன்று இருந்தால் அதில் ஏதாவது ஒரு சாமியின் பேரால் குளிக்க வேண்டும் அல்லது கும்பிட வேண்டும். வேலைக்காக ஒருவன் தொட்டி வெட்டியிருப்பான் என்று மூன்று குழுவில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

மண்டபத்தை ஒட்டினாற்போல மேற்கே இருக்கிற காலனியில் போய் எந்தப் பிள்ளையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடலிலிருந்து வந்த சிப்பியைக் கத்தியால் திறந்து முத்தெடுக்க மாட்டார்கள். கரையில் மலைபோலக் குவித்து வெயிலில் அழுக விடுவார்கள். அப்படிக் குவிக்கிற அடைப்புக்குத்தான் கொட்டு என்று பெயர். ஈ மொய்க்கும், புழு நெளியும். சதை முழுக்கப் புழு தின்று கூழாகும்வரை காத்திருந்து, அந்தக் கூழைத் தொட்டியில் கொட்டி, முழங்கைவரை கையை விட்டு அலசுவார்கள். அலசுகிறவன் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் பிரம்படி விழும். முத்தை விழுங்கிவிடுவானாம்! அந்தக் கூழை வாயில் வைக்க மனம் வருமா என்று அடித்தவன் யோசித்ததில்லை. முத்துக்குச் சொந்தக்காரன் காற்றுக்கு மேற்பக்கம் கூடாரம் போட்டு, சந்தனம் பூசி உட்கார்ந்திருப்பான். அலசினவர்கள் காலனியின் முன்னோர். அந்த நாற்றத்தால்தான் நாத்தக்கொட்டு. காலனிக்காரர்களிடம் போய் யார் கேட்கப்போகிறார்கள்?

அப்படியானால் நாத்தக்கொட்டு எப்படி நாதர்கோட்டம் ஆனது? ஆகாயத்திலிருந்து அசரீரி வரவில்லை. முத்துக்கனி கண்முன்னால்தான் ஆனது.

அப்போது அவள் எட்டாம் வகுப்பு. மினிபஸ் புதிதாக விட்ட சமயம். நிறுத்தத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கப் பஞ்சாயத்து எழுத்தர் எஸ்றா பெயிண்டரோடு வந்திருந்தார். நாசரேத்துக்காரர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம். பெயிண்டர் ‘நாத்தக்’ என்று எழுதியதுமே எஸ்றா பதறிப்போனார்.

“ஏலே, அழி அழி. கலெக்டர் வாற ரோட்டுல நாத்தம்னா எழுதுவ? நாலு பேரு வாசிக்க வேண்டாமா?”

“ஊரு பேரு அதுதான சார்?”

“பேருன்னா நல்லா இருக்கணும்லா. நாதர்... ஆங், நாதர்கோட்டம்னு எழுது.”

பெயிண்டர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு அப்படியே எழுதினான். பஸ்ஸுக்காகப் பைக்கட்டோடு நின்ற முத்துக்கனி, “எங்க ஊரு பேர ஏன் சார் அழிக்கிய?” என்று கேட்டாள். “ஒனக்காகத்தான் புள்ள. நாளைக்கு ஒன்னக் கட்டிக்குடுக்கும்போது நல்ல ஊரா இருக்கும்” என்றார் எஸ்றா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு நல்லது செய்ததாகவே நினைத்தார். பெயர் பலகையிலிருந்து பஸ்ஸுக்குப் போனது, பஸ்ஸிலிருந்து அரசாங்க வரைபடத்துக்குப் போனது, வரைபடத்திலிருந்து மூன்று துண்டுப்பிரசுரத்துக்கும் போனது.

முத்துக்கனியைக் கட்டிக்கொடுத்ததும் அதே காலனியில்தான். புருஷன் பேச்சிராஜா துறைமுகத்தில் சுமை தூக்குகிறவன். குடித்தால் பாடுவான், அடிக்க மாட்டான். ஏதோ அவள் கொடுத்துவைத்தது. மற்றபடி அந்தக் காலனியில் வீடு இருந்தது, டி.வி. இருந்தது, ஆளுக்கொரு செல்போன் இருந்தது. ஒரு கக்கூஸ்கூட இல்லை. கடல் மட்டத்தில் இருக்கிற மணல். குழி தோண்டினால் தண்ணீர் ஊறி நிரம்பிவிடும். ஆண்களுக்குச் சுவரோரம் போதும். பெண்கள் விடியுமுன் மண்டபத்துக்குப் பின்னால் உடைமுள் மண்டிக்கிடந்த உடங்காட்டுக்குப் போவார்கள். போகிற வழியில் டார்ச் அடிக்கிறவன் எவன், செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறவன் எவன் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களில் இரண்டு பேர் மண்டபக் குழு உறுப்பினர்கள். ஒருவன் கையெழுத்து, பிற்பாடு கழிப்பறை கூடாது என்று கொடுத்த மனுவில் முதலில் இருக்கிறது.

கம்பெனியிலும் அதே கதை. நூறு பெண்களுக்கு ஒரு கக்கூஸ், அதுவும் பூட்டு. சூப்பர்வைசரிடம் சாவி கேட்கிற கேவலத்துக்குப் பயந்து காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருந்துகொள்வார்கள். முத்துக்கனி அப்படிப் பல வருஷம் இருந்து பழகியவள். ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐஸ் தரையிலேயே சுருண்டு விழுந்தாள். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சிறுநீரகத்தில் கல் என்றாள். ஒரு பக்கம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது.

“தண்ணி குடிக்கணும்மா. நெறைய குடிக்கணும். இல்லன்னா இன்னொன்னும் போயிரும்.”

“குடிச்சா போகணும்லா டாக்டரம்மா.”

“ஆமா, போகணும்.”

“எங்கன போக?”

டாக்டரம்மாவிடம் அதற்கு மாத்திரை இல்லை.

மகளிர் குழுத் தலைவியாக முத்துக்கனி மனு எழுதினாள். நடையாய் நடந்தாள். காலனிக்குப் பொதுக் கழிப்பறை கட்ட உத்தரவு வந்தது. மேடான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: மண்டபத்துக்கும் காலனிக்கும் நடுவிலிருந்த புறம்போக்கு. செங்கல் வந்து இறங்கியது. மறுநாளே மூன்று குழுவும் தனித்தனியாக வந்து நின்றன. நாதர் சந்நிதியில் மலக்குழியா? வழக்கு, தடை. இதற்கிடையில் மண்டபத்தை அழகுபடுத்துகிறோம் என்று உடங்காட்டை ஜேசிபி வைத்து வழித்துப் புல்தரை போட்டுவிட்டார்கள். இப்போது மறைவும் போயிற்று. பெண்கள் நெடுஞ்சாலையைத் தாண்டி உப்பளத்துக்குப் போனார்கள். போகும்போது ஒருத்தி மேல் லாரி மோதிக் கால் முறிந்தது.

மண்டபத்தின் வயதைக் கண்டுபிடிக்கக் கல்லூரி ஆய்வாளர்கள் வந்து ஓரத்தில் குழி தோண்டினார்கள். ஆள் உயரத்துக்குச் சிப்பி ஓடு. அடுக்கடுக்காக, தோசை அடுக்கிய மாதிரி. இது சிப்பி அழுகவைத்த இடம், கோயிலோ பள்ளியோ இல்லை, இருநூறு முந்நூறு வருஷத்துக்கு மேல் போகாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். தாணுலிங்கம் ஒரு சிப்பி ஓட்டைக் கையில் எடுத்து, கோயில் சுதைக்குச் சுண்ணாம்பு சுட்டது என்றார். பெனிஸ்டன், ஏழைகளுக்கு விருந்து வைத்தது என்றார். நூகு லெப்பை அது வணிகம் நடந்ததற்குச் சாட்சி என்றார். உண்மை வந்து காலடியில் குவிந்து கிடக்கிறது. அதன் மேலேயே ஏறி நின்று பொய் சொல்லும் தைரியம் பக்தர்களுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ!

வட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் என்று அறிவித்தார்கள். பெயரை வைத்துத்தான் மூவரும் ஆடுகிறார்கள், பெயர் வந்த கதையை எஸ்றாவே சொல்லிவிட்டால் போதும் என்று முத்துக்கனி கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனாள்.

எஸ்றா ஓய்வுபெற்று முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் மூன்று பொன்னாடைப் படங்கள். ஒன்றில் தாணுலிங்கம் போர்த்துகிறார், ஒன்றில் பெனிஸ்டன், ஒன்றில் நூகு லெப்பை. ‘தொன்மைப் பெயரை மீட்ட தமிழறிஞர்’ என்று மூன்றிலும் எழுதியிருந்தது. அவர் மனைவி ஜெயபாய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து முத்துக்கனிக்கு எட்டும் தூரத்தில் படியில் வைத்தாள்.

“குடிளா. வெயில்ல வந்திருக்க.”

“வேண்டாங்க்கா. குடிச்சா ஒங்க வீட்டு கக்கூஸுக்குல்லா வரணும். விடுவீயளா?”

ஜெயபாய் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அடுப்புல பால் வச்சிருக்கேன்” என்று உள்ளே போனவள் பிறகு வரவேயில்லை.

“சார், ஒங்களுக்கு ஞாபகம் இருக்கும். பஸ்டாப்புல பெயிண்டர் நாத்தக்னு எழுதினான். நீங்கதான அழிக்கச் சொன்னீய?”

எஸ்றா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படியா சொன்னேன்?”

“நான் பக்கத்துல நின்னேன் சார். மண்ணெண்ண வாடை இன்னும் மூக்குல இருக்கு.”

“நீ சின்னப்புள்ள. ஏதோ நெனச்சிக்கிட்டுப் பேசுத.”

“சார், நாளைக்கு கூட்டத்துல வந்து அந்த ஒத்த வார்த்தையச் சொல்லிருங்க. பேரு நான் வச்சதுன்னு. ஒங்கள யாரும் கொலையா பண்ணப்போறாவ? ஒரு கிட்னி போயிட்டு சார் எனக்கு.”

எஸ்றா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கண் சுவரிலிருந்த படங்களுக்குப் போய்ப் போய் வந்தது. படித்த மனிதர். பலகையில் தான் எழுதவைத்த ஒரு பொய் எத்தனை பெண்களை உப்பளத்துக்குத் துரத்துகிறது என்று விளங்காதவர் இல்லை.

“ஜெபம் பண்ணிக்கிடுதேன்மா” என்றார் கடைசியில்.

“ஜெபம் பண்ண வேண்டாம் சார். நெசத்தச் சொன்னாப் போதும்.”

மறுநாள் கூட்டம் கூடியது. நடுவில் அதிகாரி, வலமும் இடமுமாக மூன்று குழுக்கள், மூலையில் சுவரையொட்டி முத்துக்கனி. மின்விசிறிக் காற்று அவள் பக்கமிருந்து வீசியதால் பெனிஸ்டன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். அவருடைய ஐஸ் பிளாண்டில் பொடித்த ஐஸில்தான் அவள் அன்றாடம் கைவைத்து நிற்கிறாள்.

“சார், நீங்கதான் மூத்தவர். இந்தப் பேரைப் பத்திச் சொல்லுங்க” என்று அதிகாரி எஸ்றாவைக் கேட்டார்.

எஸ்றா எழுந்தார். முத்துக்கனி இருந்த பக்கம் திரும்பவேயில்லை. “நாதர்கோட்டம் மிகத் தொன்மையான பெயர். பாமர மக்கள் வாயில் அது திரிந்துவிட்டது. நான் அதைத் திருத்தி எழுதினேன், அவ்வளவுதான். எந்த நாதர் என்பதை அவரவர் விசுவாசத்துக்கு விட்டுவிடுகிறேன்.”

மூன்று குழுவும் கைதட்டின. மூன்றும் ஒன்றாகக் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

“புளுகாதிய சார்!” முத்துக்கனி எழுந்துவிட்டாள். “எங்க ஆளுவ புழுவை அலசின தொட்டி அது. சாமியும் குளிக்கல, ராசாவும் குளிக்கல. நாறின எடம். அதனால நாத்தக்கொட்டு. இதுல என்ன வெக்கம்? ஒங்க தாத்தாமாரு காதுல போட்ட முத்தெல்லாம் அதுக்குள்ள கெடந்துதான வந்துது?”

“சிவசிவா! சந்நிதிய நாறுதுன்னு சொல்லுதா பாருங்க” என்று தாணுலிங்கம் காதைப் பொத்தினார்.

“ஆண்டவருடைய நாமத்தை...” என்று பெனிஸ்டன் ஆரம்பித்தார்.

“அஸ்தக்ஃபிருல்லாஹ்! ஏம்மா, வாய அடக்கிப் பேசு” என்றார் நூகு லெப்பை.

“நூகு காக்கா, ஒங்க வீட்டுல கக்கூஸ் எத்தன?”

“அது எதுக்கு இப்பம்?”

“மாடிக்கு ஒண்ணு, கீழ ஒண்ணு, கார் நிக்கிற எடத்துல டிரைவருக்கு ஒண்ணு. காயல்ல ஒங்க தெருவுலதான் எங்க மைனி வேல பாக்கா. ஒங்களுக்கு நாதரு வீட்டுக்குள்ளயே இருக்காரு. எங்களுக்குத்தான் காட்டுலயும் இல்ல.”

இருந்தவர்களில் ஒரு போலீஸ்காரர் மட்டும் வாயைத் தொப்பியால் மறைத்துச் சிரித்தார். அதிகாரிக்கோ மூன்று குழுவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிற வாய்ப்பு கண்ணில் பட்டுவிட்டது. சட்டென்று பிடித்துக்கொண்டார். மண்டபம் மூவருக்கும் பொது. பராமரிப்புக் குழு ஒன்று போடுவது. காலனிக் கழிப்பறையை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், உப்பளத்தருகே தள்ளிக்கொள்வது. மூவரும் நொடியில் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு காகிதம் முத்துக்கனியிடம் வந்தது.

“போடும்மா. எங்கயோ ஒண்ணு வருதில்லா?”

“லாரில அடிபட்டுச் சாகுத எடத்துல எனக்கு வேண்டாம்.”

“நீ போடலன்னா அதுவும் கெடையாது.”

“வேண்டாம்னு சொல்லுதேன்லா. எந்த நாதருன்னு நீங்க மூணு பேரும் அடிச்சிக்கிடுங்க, கூடிக்கிடுங்க. நாத்தம் எங்களது. அத எழுதித்தர மாட்டேன்.”

அவள் வெளியே போனதும் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே டீ வந்தது. அவள் கையெழுத்து இல்லாமலே தீர்மானம் நிறைவேறியது; கழிப்பறையை மட்டும் அதிலிருந்து அடித்துவிட்டார்கள். காலனிப் பெண்களில் பாதிப்பேர், “கெடைச்சதையும் கெடுத்துட்டியேளா” என்று அவளை ஏசினார்கள். அவள் இடுப்பு வலியோடு சாலையைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தாள்.

சில மாதம் கழித்து அதே புறம்போக்கில் மறுபடி செங்கல் இறங்கியது. கோபுரம் மாதிரி முகப்பு, பளிங்குத் தரை, பெண்களுக்குத் தனிவாசல். சுற்றுலா வருகிறவர்களுக்கு நவீனக் கழிப்பறை! சந்நிதி, புனிதம், தீட்டு எதுவும் இந்தத் தடவை குறுக்கே வரவில்லை. “வெளியூர்க்காரவுக வாற எடம். நம்ம ஊரு மானம் போயிரும்லா?” என்று தாணுலிங்கமே முன்னின்று கட்டினார். காண்டிராக்ட் அவருடையது. ஊர்க்காரர் பயன்படுத்தக் கூடாது, மண்டப நுழைவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் என்று பலகை வைத்து, வாசலில் ஒரு காவலாளியையும் போட்டார்கள். மலம் யாருடையது என்பதைப் பொறுத்துத்தான் புனிதம் கெடும்போலிருக்கிறது.

திறந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, புல்தரையில் வெளியூர்க் கூட்டம். முத்துக்கனியும் அவளோடு ஏழெட்டுப் பெண்களும் வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கினார்கள். முன்பு ஏசினவர்களும் அதில் இருந்தார்கள். மண்டபத்துக்குள் அவர்கள் போவது அதுவே முதல் தடவை. தூணைப் பார்த்தார்கள், தொட்டியைப் பார்த்தார்கள். ஒரு சென்னைக்காரி குனிந்து தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். முத்துக்கனி எதுவும் சொல்லாமல் நேரே கழிப்பறை வாசலுக்குப் போனாள்.

“ஏளா, நில்லு நில்லு. இது டூரிஸ்டுக்கு” என்று காவலாளி குறுக்கே வந்தான்.

அவள் சீட்டை நீட்டினாள். “நான் யாரு பின்ன? மண்டபத்தப் பாத்தாச்சு. அவசரமா வருது. தள்ளுலே.”

“நீ அந்தக் காலனிக்காரில்லா?”

“சீட்டுல காலனிக்காரிக்குக் கெடையாதுன்னு போட்டிருக்கா? வாசிச்சுச் சொல்லு.”

சுற்றி நின்ற வெளியூர்ப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். பின்னாலேயே மற்றவர்களும் நுழைந்தார்கள்.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மேலே சிறு ஜன்னலில் வெளிச்சம் வந்தது. யாரும் டார்ச் அடிக்கவில்லை. லாரிச் சத்தம் இல்லை. அவசரப்படாமல் உட்கார்ந்தாள். முதலில் எரிந்தது, பிறகு மெல்ல மெல்ல வலி விட்டது.

அதற்குள் வெளியே தாணுலிங்கம் வந்துவிட்டார். “எவ அவ? வெளிய வரச்சொல்லு! குழுவக் கூட்டணும், மத்த ரெண்டு பேருக்கும் போன் போடு!” என்று கத்தினார். மோதிரம் போட்ட அவர் கை கதவைப் படபடவென்று தட்டியது.

முத்துக்கனி குழாயை நன்றாகத் திறந்துவிட்டாள்.

“ஆளு இருக்கு” என்றாள்.